கப்பல் போய் மிதிபடகு வந்தது

(சித்திரை முதல் நாள் மொட்டை மாடியில் நடந்த நம் குடியிருப்புக் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் சி பிளாக், இரண்டாவது மாடி. கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. "புதுசா கல்யாணம் ஆனவங்க, தேனிலவு போன கதையைச் சொல்லுங்க" என்று செயலாளர் மாமா கேட்டார். நாங்கள் போனது ஜவ்வாது மலை என்றேன். "ஏம்மா, ஐரோப்பா போறதா கேள்விப்பட்டேனே?" என்றார். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆமாம், திட்டம் அதுதான். பார்சிலோனாவில் கப்பல் ஏறி, மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ் என்று மத்தியதரைக் கடலை ஒரு வாரம் சுற்றுவது. பிறகு சிசிலியில் வாடகைக் கார் எடுத்து நாலு நாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இரண்டு பேரும் மாதாமாதம் சேர்த்த பணம். என் மடிக்கணினியில் ஒரு பட்டியலே இருந்தது, எந்த ஊரில் என்ன சாப்பிடுவது என்பது வரை.

ஐப்பசியில் அத்தைக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. காப்பீடு பாதிக்குத்தான் வந்தது. மீதிக்குக் கப்பல் பணம் போனது. முன்பணத்தில் ஒரு பங்கு திரும்பி வரவே இல்லை. இதில் யாருக்கும் வருத்தம் இருக்கக் கூடாது, இல்லையா? எனக்கு இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நன்றாகச் சிரித்துக்கொண்டே மூன்று மாதம் ஓட்டினேன்.

பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை, "எங்கேயாவது போய்ட்டு வரலாம், ரெண்டு நாள்" என்றார் என் கணவர். ஏலகிரி வேண்டாம், கூட்டம் என்றேன். அப்படித்தான் ஜவ்வாது.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். காஞ்சிபுரம், ஆரணி வழியாகப் போளூர். போளூரிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே நம்பிப் போக முடியாது. மலைப்பாதை ஆரம்பித்ததும் செல்போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அதனால் வழியை முன்பே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. பாதை மோசமில்லை, ஆனால் வளைவுகளில் எதிரே பேருந்து வந்தால் ஒதுங்க இடம் பார்த்து நிற்க வேண்டும். காரில் நாங்கள் பேசியது மொத்தமே பத்து வாக்கியம் இருக்கும். "ஹாரன் அடிங்க" என்பது அதில் நான்கு.

ஜமுனாமரத்தூரில் ஒரு சின்ன இடத்தில் சாமைச் சோறும் குழம்பும் சாப்பிட்டோம். மலையில் சாமைதான் பேர் போன பயிர். தேன், புளி, பலா எல்லாம் அந்தந்தப் பருவத்துக்குக் கிடைக்கும். அத்தைக்கென்று இரண்டு கிலோ சாமை அரிசி வாங்கினேன். பரிமாறிய அம்மா என்னைப் பார்த்து "எந்த ஊரு கண்ணு?" என்றார். காஞ்சிபுரம் என்றதும் அவர் முகமே மலர்ந்துவிட்டது. "எங்க முன்னோருங்களும் காஞ்சிபுரந்தான்!"

மலையாளிப் பழங்குடியினரிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் கதை அது. 1909-இல் தர்ஸ்டன் வெளியிட்ட நூலிலும் இருக்கிறது. காஞ்சியிலிருந்து தூக்கிச் செல்லப்பட்ட ஏழு பெண்களை மீட்க ஏழு ஆண்கள் நாய்களோடு புறப்படுகிறார்கள். "நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வழியில் பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் கடந்துவிட்டார்கள், நாய்கள் மிரண்டு வீடு திரும்பிவிட்டன. வேலை முடிந்து ஆண்கள் ஊருக்கு வந்தால், மனைவிகள் கருமாதியே செய்து முடித்துவிட்டார்கள். ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை. வேறு பெண்களை மணந்து, இந்த மலைக்கு வந்து குடியேறினார்களாம்.

எனக்கு அந்த மனைவிகள் மேல்தான் கோபம் வந்தது. நாய் வந்தால் வரட்டுமே, இன்னும் நாலு நாள் பார்த்திருக்கலாம் அல்லவா?

சாப்பிட்டுவிட்டுக் கோலப்பன் ஏரிக்குப் போனோம். அங்கே படகு விடுகிறார்கள். மிதிபடகு ஒன்றில் ஏறினோம். "இதோ, நம்ம கப்பல்" என்றார் அவர், சிரிப்பு மூட்ட. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது. மிதிப்பதை நிறுத்திவிட்டேன். அவர் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தார், படகு நேராகப் போகவில்லை. நாங்கள் வட்டம் அடித்தோம்.

"பணம் கொடுத்தது சரிதான். என்னைக் கேட்டிருந்தா நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். ஆனா நீங்க கேக்கல. டிக்கெட்ட ரத்து பண்ணிட்டு வந்து சொன்னீங்க."

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "கேட்டு நீ வேணாம்னு சொல்லிட்டா, அதுக்கப்புறம் உன்னை எப்படிப் பார்ப்பேன்னு பயமா இருந்துச்சு. அதான் கேக்கல" என்றார்.

அத்தைக்குப் பணம் கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லக்கூடும் என அவர் நினைத்தாரே, அதுதான் என்னை இத்தனை நாள் குத்தியது என்று எனக்கே அப்போதுதான் விளங்கியது. அதையும் சொன்னேன். கரையில் இருந்தவர் நேரமாகிவிட்டது என்று கையை ஆட்டினார். இருவரும் மிதித்து வந்து சேர்ந்தோம். ஒரேயடியாகச் சமாதானம் ஆகிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காரில் பேச்சு இருந்தது.

அங்கிருந்து காவலூர். இதற்காகவே சனிக்கிழமையாகப் பார்த்துப் போனோம். வைணு பாப்பு வானாய்வகத்தில் பொதுமக்களை அனுமதிப்பது சனிக்கிழமைகளில். போகும் முன் நேரத்தை ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள், வானம் மூடியிருந்தால் இரவுக் காட்சி கிடையாது. பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் மையத்துக்குச் சொந்தமானது இது. கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த பாப்பு, இரவு வானத்தைப் பார்க்க நல்ல இடம் தேடி இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, ஊர் வெளிச்சம் குறைவு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் தென்வானத்தையும் நன்றாகப் பார்க்கலாம். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கியது. இன்று அங்கே நிற்கும் பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம், அதாவது ஏழரை அடிக்கும் மேல். இந்தியாவிலேயே செய்தது. 1986-இல் ராஜீவ் காந்தி அதைத் திறந்து பாப்புவின் பெயரைச் சூட்டினார். பாவம், அதைப் பார்க்க பாப்பு இல்லை, 1982-இலேயே காலமாகிவிட்டார். 1988-இல் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு நம் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இரவில் ஒரு சிறிய தொலைநோக்கியில் காட்டினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பையன், எட்டு வயது இருக்கும், பார்த்துவிட்டு நகரவே மறுத்தான். என் முறை வந்தது. வியாழன், வட்டமாக, மங்கலான கோடுகளோடு. பக்கத்தில் ஒரே வரிசையில் நான்கு புள்ளிகள், அதன் நிலாக்கள். 1610 ஜனவரியில் இத்தாலியின் பாதுவா நகரத்தில் கலிலியோ பார்த்தது இவற்றைத்தான். அவற்றில் ஒன்று கானிமீடு. 1972-இல் அது ஒரு விண்மீனை மறைத்தபோது, அதற்கு மெல்லிய காற்றுறை இருப்பதற்கான அறிகுறியை இதே காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி பதிவு செய்தது. அப்போது அந்தத் தொலைநோக்கி புத்தம் புதிது.

"இத்தாலி பாத்தாச்சு" என்று அவர் காதில் சொன்னேன். அந்த இருட்டில் அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிறு காலை பீமன் நீர்வீழ்ச்சி. தை மாதத்தில் தண்ணீர் நூல் போலத்தான் இருந்தது. அருவிக்காகப் போகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போங்கள். இறங்கும்போது ஆலங்காயம், வாணியம்பாடி வழியாக வந்து பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். குப்பையை மலையில் போடாமல் காரிலேயே கொண்டுவந்தோம். நம் ஈரக் குப்பை, உலர் குப்பைக் குழுவினர் மகிழ்வார்கள் என்று இதையும் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னோம், படகில் பேசியதையும் சேர்த்து. அவர் கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தன் மகனைப் பார்த்து, "என்னையுந்தான் நீ கேக்கல" என்றார்.

இப்போது அத்தை மாலையில் நம் நடைபாதையில் நாலு சுற்று நடக்கிறார், நீங்களே பார்த்திருப்பீர்கள். வருகிற ஐப்பசியில் மூன்று பேருமாக மறுபடி போகிறோம். படகில் ஏற மாட்டேன், தொலைநோக்கியில் மட்டும் பார்ப்பேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். சாமை அரிசி எப்படிக் குழையாமல் வடிப்பது என்று கேட்க வேண்டியவர்களும் அவரையே கேளுங்கள்.