ஒரு மூட்டை சீனி, எட்டு வீடு

(தோட்டக் குடும்பங்களின் சிக்கனக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



உங்கள் பிள்ளைகள் பலர் கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கு வரும்போது, "அம்மா, அங்க விலை வேற, இங்க விலை வேற" என்று சொல்லியிருப்பார்கள். நான் கொட்டாஞ்சேனையில் குடியிருப்பவள். அங்கே நாங்கள் சாமான் வாங்கும் விதத்தைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்களுக்குப் புறக்கோட்டை நடை தூரம். நாலாம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் சீனி, பருப்பு, வெங்காயம், செத்தல் மிளகாய் எல்லாம் மொத்த வியாபாரம். அரிசிக்குப் பழைய சோனகத் தெரு. (மரக்கறி விற்ற மெனிங் சந்தைதான் 2020இல் பேலியகொடைக்குப் போய்விட்டது.) வெள்ளவத்தை ஆட்கள் நூறாம் நம்பர் பஸ்ஸில் வருவார்கள். ஒரு வீட்டுக்கு ஐம்பது கிலோ மூட்டை எதற்கு? நாலைந்து வீடு சேர்ந்து எடுத்து, ஓட்டோவில் கொண்டுவந்து, நிறுத்துப் பிரித்துக்கொள்வோம்.

இதற்காக நீங்கள் கொழும்புக்கு வர வேண்டாம். பஸ் காசே லாபத்தைத் தின்றுவிடும். ஹட்டன், பண்டாரவளை, பதுளை டவுனிலேயே மொத்தக் கடை இருக்கிறது. ஒரு பேச்சுக்குக் கணக்குப் பாருங்கள். கால் கிலோ சீனி 80 ரூபாய் என்றால் கிலோ 320. ஐம்பது கிலோ மூட்டை 13,500, வண்டிக்கூலி 500, மொத்தம் 14,000. கிலோ 280தான் விழுகிறது. எட்டு வீடு ஆளுக்கு ஆறு கிலோ எடுத்தால் வீட்டுக்கு 240 ரூபாய் மிச்சம். மூட்டையில் இரண்டு கிலோ மீதி வரும். சண்டை வருவதும் அந்த இரண்டு கிலோவால்தான்! அதை யாருக்கு, என்ன விலைக்குக் கொடுப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

240 ரூபாய் பெரிய காசா என்று கேட்பீர்கள். பெரிய காசு இல்லைதான். ஆனால் கொப்பியில் எழுதிக் கடனுக்கு வாங்குகிறவருக்கு விலை கேட்க வாய் வராது; எடை குறைந்தாலும் பேச முடியாது. சம்பளம் வந்த அன்றே பழைய கணக்குக்குப் போய்விடும், மறுநாள் திரும்பவும் கொப்பி. 2022 செப்டம்பரில் கொழும்பில் சாப்பாட்டுச் சாமான் விலை முந்திய வருடத்தைவிட 94.9 வீதம் ஏறியிருந்தது. அந்த நேரத்தில் கையில் காசில்லாதவர் பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.

1844இல் இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற ஊரில் 28 பேர், அவர்களில் பலர் நெசவுத் தொழிலாளர், ஆளுக்கு ஒரு பவுண் சேர்த்து ஒரு கடை திறந்தார்கள். முதலில் வைத்தது மாவு, வெண்ணெய், சீனி மாதிரி ஒரு சில சாமான்தான். அவர்கள் வைத்த சட்டம், கடன் கிடையாது, கைக்காசுக்கு மட்டும். கூட்டுறவுக் கடைகளுக்கு வழிகாட்டியது அந்தச் சின்னக் கடைதான்.

அதனால் நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ மூட்டை எடுக்காதீர்கள். முதல் மாதம் ஒரு சாமான் போதும். பழைய கணக்கு இருந்தால் அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுங்கள். கடைக்கார அண்ணனோடு கோபிக்க வேண்டாம், அவசரத்துக்கு அவரும் வேண்டும்.

எல்லாச் சாமானும் மூட்டைக்குச் சரிவராது. நான் ஒருமுறை மலிவென்று கோதுமை மா நிறைய வாங்கி, பாதி வண்டு வைத்துக் கொட்டினேன். மலைநாட்டு ஈரத்துக்குச் செத்தல் மிளகாய் பூஞ்சணம் பிடிக்கும், உப்பு கரையும். அரிசி, பருப்பு, சீனி, சவர்க்காரம் தாங்கும். அரிசி மூட்டையைச் சிமெந்துத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். சீனியை இறுக்கமான மூடியுள்ள வாளியில் போடுங்கள், இல்லாவிட்டால் எறும்புக்குத்தான் பங்கு.

எட்டுப் பேருக்கு முன்னால், பகலில் நிறுத்துப் பிரியுங்கள். காசு வாங்குகிறவர் ஒருவர், கணக்கு எழுதுகிறவர் வேறொருவராக இருக்கட்டும்.

சரி, இந்த லயத்தில் யார் வீட்டில் தராசு இருக்கிறது? அதைச் சொல்லுங்கள், பெயர் எழுதத் தொடங்குவோம்.