எண்ணிக்கை குறையும்போது



மார்ச் மாதம் பிறந்துவிட்டால், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இரவில் பேருந்தில் போகிறவர்கள் மலைச்சரிவில் நெருப்புக் கோடு ஒன்று ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த புல் பற்றிக்கொண்டால் அப்படித்தான் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் குழந்தை, மலைக்கு மாலை போட்ட மாதிரி இருக்கிறது என்று அம்மாவிடம் காட்டும். தூரத்தில் இருக்கும் வரைக்கும் தீ அழகாகத்தான் இருக்கிறது.

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள். தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. குருக்கள் ஊதாவை மாற்றிவிட்டு ரோசா நிறத்தில் உடை அணிகிற, மகிழுங்கள் என்று திருச்சபை சொல்கிற ஞாயிறு. பாலைநிலத்தில் மோசே பாம்பை உயர்த்தியதைச் சொல்லும் யோவான் நற்செய்திப் பகுதியை வாசித்தோம், பூசை முடிந்தது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம். அதே மதியம் தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு மேலே, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்குச் சிலர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த மலையேற்றக் குழு ஒன்று. ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து வந்த குழு இன்னொன்று. நம் பிள்ளைகளுக்குக் கைப்பந்து எப்படியோ அப்படி அவர்களுக்கு மலையேற்றம். சென்னைக் குழுவில் பெரும்பாலும் பெண்கள். மகளிர் தினத்தை ஒட்டிப் புறப்பட்டவர்கள்.

சரிவெல்லாம் ஆள் உயரக் காய்ந்த புல். காற்று பலமாக வீசியது. தீ வந்தபோது எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. சிலர் பள்ளத்தில் இறங்கினார்கள், சிலர் பாறையைத் தேடி ஓடினார்கள். அன்று மாலை செய்திகளில் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது. 36 பேர் என்றார்கள், 39 பேர் என்றார்கள். சென்னையிலும் திருப்பூரிலும் கூட மலையேறும் நண்பர்களின் தொலைபேசிகள் அன்று இரவு ஓயவில்லை. இந்த வாரம் யார் போனது? கடைசி நேரத்தில் வராமல் நின்றது யார்? உன்னோடு பேசினாளா? தேனி ஆஸ்பத்திரியில் இருப்பவர் யார், மதுரைக்குக் கொண்டுபோனவர்கள் யார்? மலையேறுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று தலையை எண்ணிவிட்டுத்தான் நடப்பார்கள். அன்று எண்ணிக்கை சரியாக வரவில்லை. முதலில் 9 பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. தீக்காயத்தோடு படுத்திருந்தவர்கள் அடுத்தடுத்த நாள்களில் ஒவ்வொருவராகப் போக, இறந்தவர்கள் 20 பேருக்கும் மேல் ஆனார்கள்.

அந்த நாள்களில் என் காதில் விழுந்த ஒரு பேச்சை நான் மறக்கவில்லை. கோவில் வாசலிலேயே விழுந்தது. "பொம்பளைப் பிள்ளைங்களுக்கு மலையில என்ன வேலை?" கேட்டவர் நல்ல மனிதர்தான், நாள் தவறாமல் செபமாலை சொல்கிறவர். அவருக்கு நான் சீலோவாம் கோபுரத்தை நினைவூட்டினேன். லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரம். கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று ஆண்டவர் கேட்கிறார். இல்லை என்று அவரே பதிலும் சொல்லிவிடுகிறார். செத்தவர்மேல் கணக்கு எழுதுகிற வேலையை அவர் நமக்குக் கொடுக்கவில்லை.

தொடக்க நூலைத் திறந்து பாருங்கள். மனிதனிடம் கடவுள் கேட்கும் முதல் கேள்வி, நீ எங்கே இருக்கிறாய் என்பது. அடுத்த அதிகாரத்தில் காயினிடம் கேட்பது, உன் தம்பி எங்கே என்பது. கடவுளுக்குத் தெரியாமலா கேட்டார்? குருமடத்தில் பேராசிரியர்கள் இதற்கு நிறைய விளக்கம் சொன்னார்கள், பாதி மறந்துவிட்டது. எனக்கு இப்போது தோன்றுவது இதுதான்: ஒருவன் காணவில்லை என்றால் கடவுள் முதலில் தேடுகிறார், விசாரணையெல்லாம் அதற்குப் பிறகுதான். 99 ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன ஆயனும் முதலில் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எண்ணாதவனுக்குக் காணாமல் போனது எப்படித் தெரியும்?

தீயைப் பற்றிப் பேசினால் தானியேல் நூல் வராமல் இராது. சாத்ராக், மேசாக், ஆபேத்நெகோ மூவரையும் எரிகிற சூளையில் போட்டார்கள். அரசன் எட்டிப் பார்த்து எண்ணுகிறான். போட்டது மூன்று பேர், உள்ளே நடமாடுவது நான்கு பேர். சூளைக்குள் பனிக்காற்று வீசியதுபோல் இருந்தது என்று கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள இணைப்புப் பகுதி சொல்கிறது. அருமையான வாசகம். ஆனால் குரங்கணியில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் போய் இதை வாசிக்க எனக்குத் தைரியம் வராது. அங்கே பனிக்காற்று வீசவில்லை. ஏன் என்று என்னைக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் அங்கேயும் நெருப்புக்குள் போனவர்கள் உண்டு. வானூர்தியும் கமாண்டோ வீரர்களும் வந்து சேருமுன்னே, குரங்கணி ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும் மலைக்கு ஏறிவிட்டார்கள். இருட்டு, புகை, கால் வைத்தால் சுடுகிற சாம்பல். கம்பில் போர்வையைக் கட்டி டோலி செய்து, வெந்து கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தூக்கியவர்களுக்கு அவர்களுடைய பெயர் தெரியாது, ஊர் தெரியாது. யார் இவர்கள் என்று விசாரித்துவிட்டா தூக்கினார்கள்? அந்த நான்காவது ஆளை நான் அங்கேதான் தேடுகிறேன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2015ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். நாம் இருக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரம். குரங்கணிக்குப் போனவர்களுக்கு, காணோமே என்று தவிக்க ஒரு நண்பர் கூட்டம் இருந்தது. இந்தப் பத்துப் பேரில் ஒருவரையாவது, நேற்று பார்த்தேனே, இன்று காணோமே என்று தேடக்கூடிய ஒருவர் நம் தெருக்களில் இருந்தாரா? நானும் இருக்கவில்லை. செய்தித்தாளில்தான் படித்தேன்.

நம் பங்கு வளாகத்தில் மாலையில் கைப்பந்து ஆடும் பையன்களோடு வடநாட்டுப் பையன் ஒருவன் ஒரு வருடமாக ஆடிக்கொண்டிருந்தான். ஷூ கம்பெனியில் வேலை. நெட்டுக்கு மேலே எழும்பி அடித்தால் யாராலும் எடுக்க முடியாது. சென்ற மாதம் நான்கு நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாள் நம் பையன்கள் மூன்று பேர் சைக்கிளில் அவன் தங்கியிருக்கும் அறைக்குத் தேடிப் போனார்கள். ஒரே மாதிரி பன்னிரண்டு கதவுகள். ஒரு கதவைத் தட்டி யாரைத் தேடுகிறோம் என்று சொல்ல வாய் திறந்தபோதுதான் அவர்களுக்குத் தெரிந்தது, அவன் பெயர் யாருக்கும் தெரியாது என்று. ஒரு வருடமும் "பையா, பையா" என்றே கூப்பிட்டிருக்கிறார்கள்.

கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள். காய்ச்சலோடு தனியாகப் படுத்திருந்தான். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிழைத்துக்கொண்டான். அன்று இரவு அந்தப் பையன்கள் என் அறைக்கு வந்து ஒரு நோட்டு கேட்டார்கள். "எதுக்குப்பா?" என்றேன். "பேர் எழுதணும் ஃபாதர்" என்றார்கள்.

நம் அன்பியங்களில் குடும்பப் பட்டியல் வைத்திருக்கிறோம். யார் கூட்டத்துக்கு வரவில்லை என்று பொறுப்பாளர் அம்மாமார்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பட்டியலில் ஞானஸ்நானம் பெற்றவர்களின் பெயர்தான் இருக்கிறது. பையன்களின் நோட்டில் அப்படி ஒரு கோடு இல்லை. பெயர், சொந்த ஊர், வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும், அந்தத் தொலைபேசி எண். அவ்வளவுதான். ஒரியாவிலும் வங்காளத்திலும் சொன்னதை, காதில் விழுந்தபடி தமிழில் எழுதியிருக்கிறார்கள். எழுத்துப் பிழைகள் ஏராளம்.

இந்த வாரம் வரை 27 பெயர்கள். உங்கள் தெருவில், உங்கள் கம்பெனியில் அப்படி யாராவது தங்கியிருந்தால், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பையன்களிடம் சொல்லுங்கள். நோட்டு சக்ரீஸ்து அறை மேசையில் இருக்கிறது; பேனாவை மட்டும் யாரும் எடுத்துப் போய்விடாதீர்கள்.