ராஜா ஓடும் ஆட்டம்
(ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பற்றி ஏதாவது பேசு" என்று செயலாளர் சொன்னார். வால்வு, குழாய், கண்ட்ரோல் பேனல் பற்றி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். ஆகவே சதுரங்கம் பற்றிப் பேசப் போகிறேன். ஆனால் நம்ம ஹாஸ்டலில் ஆடிய சதுரங்கம் அல்ல.

வழக்கமான ஆட்டத்தில் ராஜா யார்? மூலையில் ஒளிந்துகொள்பவர். முதல் வேலையே காஸ்லிங் பண்ணி அவரைப் பூட்டி வைப்பதுதான். ஆட்டத்தின் கடைசியில், பெரிய காய்கள் போன பிறகுதான் வெளியே வருவார். விதிவிலக்கும் உண்டு. 1991-ல் டில்பர்க் நகரில் நைஜல் ஷார்ட், யான் டிம்மனுக்கு எதிராக, ராணிகளும் யானைகளும் பலகையில் இருக்கும்போதே தன் ராஜாவைத் தனியாக நடத்திக்கொண்டு போனார். எச்2, ஜி3, எஃப்4, ஜி5. நான்கே அடி. டிம்மன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். இன்றும் அதை அதிசயமாகப் பேசுகிறார்கள் என்றால், ராஜா நடப்பது அவ்வளவு அபூர்வம் என்று அர்த்தம்.

வெர்னன் ரைலண்ட்ஸ் பார்ட்டன் என்ற ஆங்கிலேயர் 1961-ல் ஓர் ஆட்டம் கண்டுபிடித்தார். பெயர் 'ரேசிங் கிங்ஸ்'. பலகை அதே 64 கட்டம். சிப்பாய்களே கிடையாது. ஆளுக்கு எட்டுக் காய். இரண்டு பேர் காய்களும் ஒரே பக்கத்தில், முதல் இரண்டு வரிசையில், பந்தயத்துக்கு நிற்பது மாதிரி நிற்கும். வெள்ளை வலப் பக்கம், கறுப்பு இடப் பக்கம். ராஜாக்கள் இரண்டாம் வரிசையின் இரு ஓரங்களில். யாருடைய ராஜா முதலில் எட்டாம் வரிசையைத் தொடுகிறாரோ அவருக்கு வெற்றி. தடை இல்லாவிட்டால் ஆறு அடிதான்.

இதில் உயிர்நாடியான விதி ஒன்று உண்டு: யாரும் யாருக்கும் செக் சொல்லக் கூடாது! காயை வெட்டலாம், செக் மட்டும் கூடாது. முதலில் கேட்டபோது, "இது என்னப்பா, உப்பில்லாத சாம்பார்" என்றுதான் நினைத்தேன். ஆடிப் பார்த்தால் தெரியும். ராஜா அடிபடும் கட்டத்தில் கால் வைக்க முடியாது அல்லவா? என் ராஜா ஆறாம் வரிசைக்கு வந்துவிட்டார். எதிரி தன் யானையை ஏழாம் வரிசை ஓரத்தில் நிறுத்துகிறார். அவ்வளவுதான், ரயில்வே கேட் போட்ட மாதிரி மொத்த வரிசையும் அடைப்பு. ஆனால் அதே யானை, இடையில் காய் இல்லாதபோது, என் ராஜா நிற்கும் ஆறாம் வரிசைக்கு வரவே முடியாது. வந்தால் செக் ஆகிவிடும்! அதாவது ராஜா நிற்கும் இடமே எதிரியின் காய்களைத் தள்ளி நிறுத்துகிறது. நம் தொழிலில் இன்டர்லாக் என்று சொல்வோமே, ஒரு வால்வு திறந்திருந்தால் மற்றது திறக்காது, கிட்டத்தட்ட அதுதான். கேட்டைத் திறக்க வழி, குறுக்கே என் குதிரையைக் கொண்டுபோய் வைப்பது. குதிரைக்கு நல்ல காவல் இருக்க வேண்டும், அதுவும் எதிரி ராஜாவுக்கு செக் ஆகிவிடக் கூடாது. இப்படி இடுக்கு இடுக்காக யோசிக்க வேண்டும்.

இதை நான் ஏன் இங்கே சொல்கிறேன்? நம் ஹாஸ்டலில் நான்கு வருஷமும் என்னைத் தோற்கடித்த ஒரு நண்பன் இந்த அரங்கில்தான் இருக்கிறான். அவன் அனுமதியோடுதான் சொல்கிறேன். அவன் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டது. நேர்முகத் தேர்வுகளுக்கு அலைந்தான். என் வீட்டுக்கு வந்தபோது பலகையை எடுத்து வைத்தேன். "வேணாம்டா. எங்க போனாலும் எனக்கு முன்னாடியே பத்து ஓப்பனிங் மனப்பாடம் பண்ணிட்டு வந்து நிக்கிறான் சின்னப் பையன். இன்டர்வியூலயும் அதுதான், இதுலயும் அதுதான்" என்றான்.

சரி, அப்படியானால் இதை ஆடலாம் என்று காய்களைப் பக்கம் பக்கமாக அடுக்கினேன். இதில் மறந்து போவதற்கு அவனுக்கு ஓப்பனிங் எதுவும் இல்லை. எனக்கும்தான் இல்லை. முதல் ஆட்டத்தில் இரண்டு பேரும் மாறி மாறி செக் சொல்லிவிட்டு நகர்த்தலைத் திரும்ப எடுத்தோம். கை பழக்கம் விடுமா? என் மனைவி இரண்டு தரம் வந்து "சாப்பிட வர்றீங்களா இல்லையா" என்று கேட்டாள். ஒன்பது ஆட்டம் ஆடினோம். எண்ணிக்கை யாருக்குச் சாதகம் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை!

ஒன்பதாவது ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். நான் வெள்ளை. என் ராஜா எட்டாம் வரிசையைத் தொட்டார். எழுந்தே விட்டேன். "உட்காருடா" என்றான். பார்ட்டன் வைத்த இன்னொரு விதி அது. முதலில் நகர்த்தும் சலுகை வெள்ளைக்குக் கிடைத்ததால், வெள்ளை தொட்ட பிறகும் கறுப்புக்கு ஒரே ஒரு நகர்த்தல் பாக்கி உண்டு. அதில் கறுப்பு ராஜாவும் தொட்டுவிட்டால் டிரா. என்னைப் பொறுத்தவரை அந்த ஆட்டத்திலேயே நேர்மையான விதி அதுதான். அவன் ராஜா ஏழாம் வரிசையில் நின்றிருந்தார், எட்டில் ஒரு கட்டம் அடைப்பில்லாமல் இருந்தது. மெதுவாக நகர்த்தி வைத்தான்.

இப்போது அவன் வேறு ஊரில், வேறு துறையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியிலேயே ஆடுகிறோம்.

நாளைக் காலை பத்து மணிக்கு மெஸ் ஹாலில் நான்கு பலகை போட்டு வைக்கிறோம். ஜூனியர், சீனியர் பேதம் வேண்டாம், எல்லாருக்கும் இது புதுசுதான். பலகை வைத்திருப்பவர்கள் கொண்டு வரலாம், சிப்பாய்களை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.