வயிற்றுச் சுற்றளவும் இதயமும்
(படாளம் விழா அவையில் ஆற்றப்பெற்ற உரை)



புலால் உண்ணாதார்க்கு இதயநோய் வாராது என்பதும், மெலிந்தவர்க்குக் கொழுப்பைப் பற்றிய கவலை வேண்டா என்பதும் மரக்கறி உணவினர் பலர் கொண்டுள்ள எண்ணங்கள். இரண்டும் பிழை.

2004ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் அருகருகே வெளிவந்தது. ஒருவர் புணே நகரின் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் இலண்டனின் ஜான் யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆயினும் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கோ 21.2 விழுக்காடு! எடைபார்க்கும் கருவி அவ்வேறுபாட்டை அறியவில்லை.

கொழுப்பு எங்கே தங்குகிறது என்பதே முதன்மையானது. தொடையிலும் தோலுக்கடியிலும் தங்குவது பெரிதும் சேமிப்பு. குடலைச் சூழ்ந்து வயிற்றினுள் திரள்வதோ வாளாவிருப்பதில்லை. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலை அடைகின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது; நன்மை தரும் கொலஸ்டிரால் குறைகிறது; இன்சுலின் வலுவிழக்கிறது; இரத்த அழுத்தம் ஏறுகிறது. அழற்சியை உண்டாக்கும் பொருள்களும் உடன் சுரக்கின்றன. இதயத்துக்குக் குருதி கொணரும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிவு வளர்கிறது. அது வெடித்து, அவ்விடத்தில் குருதி உறையும் நாளே மாரடைப்பு நாள்.

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ‘இண்டர்ஹார்ட்’ ஆய்வு, மாரடைப்பை முன்னறிவதில் உடல் நிறைக் குறியீட்டினும் இடுப்பு–பிட்டச் சுற்றளவு விகிதமே வலியது எனக் காட்டியது. முதல் மாரடைப்பு தெற்காசியரைச் சராசரியாக 53 வயதில் தாக்கியது. பிற நாட்டாரை ஏறத்தாழ 59 வயதில். பிள்ளைகளின் படிப்பும் திருமணமும் முடியாத வயது அது.

ஊன் இல்லாத இலையில் இக்கொழுப்பு எவ்வாறு வந்தது? படாளத்தார்க்குக் கரும்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை நிற்பது இங்கேதான். கரும்பைக் கடித்துத் தின்றால் தாடை வலித்து அளவு தானே நின்றுவிடும். காப்பியிலும் இனிப்பிலும் கரைந்த சர்க்கரைக்கு அவ்வெல்லை இல்லை. மிகுந்த சர்க்கரையையும் சோற்றின் மாவுச்சத்தையும் கல்லீரல் கொழுப்பாக்கி விடுகிறது. நெய்யில் பொரித்த பண்டங்கள் அதன்மேற் சேர்கின்றன. நடந்த கால்கள் இருசக்கர வண்டியில் ஏறிவிட்டன.

அளந்தறிய ஒரு தையல் நாடா போதும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பது தன்னைத்தானே ஏமாற்றுவது. தெற்காசிய ஆடவர்க்கு 90 செ.மீ., மகளிர்க்கு 80 செ.மீ. எல்லை. அதனைத் தாண்டியவர்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் சோதித்துக்கொள்வது நலம்.

ஆறுதலும் உண்டு. உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே கல்லீரற் கொழுப்பும் டிரைகிளிசரைடும் இறங்கத் தொடங்கும். நாள்தோறும் அரைமணி விரைநடையும், சோற்றைக் குறைத்துப் பயறும் காயும் கூட்டுவதும் அதற்கு உதவும். கதிரவன் மறையுமுன் உண்டு முடித்து, வயிறு நிறையுமுன் எழும் வழக்கம் உடையோர்க்கு இது கடினமன்று. ஆனால் நோன்பிருந்து, பாரணை நாளில் இனிப்பும் நெய்யுமாக உண்டால் குறைந்தது திரும்பிவிடும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர், நோன்பு தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.