ஃபில்டர் மேல போட்ட பழி

(பேசினதை வாசிக்கிறதுக்கு வசதியா கொஞ்சம் திருத்திக் கொடுத்திருக்கோம்.)

போன எபிசோட்ல, ரெண்டு வாரமா யாருக்கும் பிடிபடாத ஒரு ஆபீஸ் பக் பத்திப் பேசினோம். அதுக்கப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி, "உங்களுக்கு ரொம்ப நாள் தண்ணி காட்டின பக் எது?" யோசிச்சுப் பார்த்தா அது கோடுலயே இல்லை. உசிலம்பட்டியில எங்க வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துல நிக்கிற ஒரு நீலக் கலர் டிராக்டர்ல இருந்துச்சு. அதைச் சரி பண்றேன்னு நான் பண்ணின வேலையில அப்பாவுக்கு ஒரு பம்பு போச்சு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

வண்டி ஃபோர்டு 3600. 1971ல ஹரியானாவுல பரிதாபாத்துல எஸ்கார்ட்ஸும் ஃபோர்டும் கூட்டுச் சேர்ந்து டிராக்டர் தயாரிக்க ஆரம்பிச்சாங்க. முதல்ல 3000, அப்புறம் அந்த வரிசையில 3600. மூணு சிலிண்டர் டீசல் எஞ்சின். எங்க தாத்தா செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. எனக்கும் அதுக்கும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி உறவு. அதுதான் அண்ணன்.

மேல இருந்து கீழ

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். பக்கத்துத் தோட்டத்து மாஸி 1035ல டீசலை இழுத்துக் கொடுக்க ஒரு ஃபீட் பம்பு இருக்கு. ஏர் அடைச்சா அதைக் கையால அடிச்சு டீசலைத் தள்ளலாம். எங்க வண்டியில அது கிடையாது. டேங்க் எஞ்சினுக்கு மேல பானட்டுக்குள்ள இருக்கும். டீசல் தன் எடையில தானா இறங்கி, ரெண்டு ஃபில்டர் வழியா இன்ஜெக்‌ஷன் பம்புக்குப் போகும். உங்க பழைய ஸ்ப்ளெண்டர்ல டேங்க் மேல, கார்புரேட்டர் கீழ இருக்கும்ல? அதே சங்கதி.

இதுல அழகு என்னன்னா கெட்டுப்போக ஒரு பொருள் குறைவு. கஷ்டம் என்னன்னா தள்ளுற சக்தி ரொம்பக் கம்மி. டேங்க்ல டீசல் நிக்கிற மட்டத்துக்கும் பம்புக்கும் அரை மீட்டர் உயரம்னு வச்சுக்குவோம். அந்த உயரம் கொடுக்கிற அழுத்தம் காத்தழுத்தத்துல 100ல 4 பங்குதான். அவ்வளவுதான் மொத்த பட்ஜெட். 1908ல வந்த ஃபோர்டு மாடல் டி காரும் இப்படித்தான். டேங்க் சீட்டுக்கு அடியில. செங்குத்தான மேட்டுல முன்பக்கம் தூக்கினா பெட்ரோல் எஞ்சினுக்கு ஏறாது. அதனால ஆளுங்க ரிவர்ஸ்ல மலை ஏறினாங்க.

அதனால இந்த மாதிரி வண்டி நின்னா எல்லாரும் முதல்ல கை வைக்கிற இடம் ஃபில்டர். பேப்பர் ஃபில்டர்ல கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலும், ஃபீட் பம்பு இருக்கிற வண்டி அதைத் தள்ளிக்கிட்டுப் போயிரும். இதுல போகாது. நாங்களும் ஃபில்டரைத்தான் பிடிச்சோம்.

இருபது நிமிஷ வியாதி

ஆவணிக் கடைசி. அப்பா போன் பண்ணினார். "வண்டி நல்லா ஓடுதுப்பா. 20, 25 நிமிஷத்துல மூச்சு வாங்குது, நின்னுருது. அரை மணி நேரம் போட்டு வச்சா திரும்ப எடுக்குது."

மெக்கானிக் ஒருத்தர் வந்தார். ஃபில்டர் தலையில இருக்கிற ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தினார். அங்க டீசல் சரசரன்னு வரணும். சொட்டு சொட்டா வந்துச்சு. "ஃபில்டர் அடைப்பு"ன்னு ரெண்டையும் மாத்தினார். மாத்தும்போது சிந்தின டீசலுக்குப் பதிலா கேன்ல இருந்து டேங்க்ல ஊத்தினாங்க. ஏர் எடுத்தாங்க. ஸ்டார்ட் ஆச்சு. எல்லாருக்கும் சந்தோஷம்.

மறுநாள் திரும்ப 20 நிமிஷம்.

புரட்டாசிக்குள்ள மூணு தடவை ஃபில்டர் மாத்தியாச்சு. எங்க பக்கம் நிறைய நிலம் மானாவாரி. 58 கிராமக் கால்வாய்ல தண்ணி வந்தா ஒரு கணக்கு, வரலைன்னா வானம்தான். ஒரு நல்ல மழை பெஞ்சா, ஈரம் காயறதுக்குள்ள ரெண்டு மூணு நாள்ல உழுது விதைச்சாகணும். அந்த மழை பெஞ்ச மறுநாள் வண்டி நடுக் காட்டுல நின்னுச்சு. சோளம் விதைக்க அப்பா மாஸிக்காரரை வாடகைக்குக் கூப்பிட்டார். சொந்த டிராக்டர் நிக்கும்போது அடுத்தவர் வண்டிக்கு மணிக்கு 1,200 ரூபாய். அந்த 1,200ஐ விட, டீக்கடையில "என்னண்ணே, வண்டிய எடைக்குப் போட்டுரலாமா"ன்னு கேட்டதுதான் அவருக்கு வலிச்சிருக்கு. இதை அம்மாதான் என்கிட்ட சொன்னாங்க. அவர் சொல்லலை.

நான் கொடுத்த யோசனை

இப்பதான் நான் உள்ள வர்றேன். சென்னையில உக்காந்துக்கிட்டு, ஸ்டாண்ட்அப் மீட்டிங் முடிஞ்ச கையோட, போன்ல. "அப்பா, தள்ளுற சக்தி கம்மி, ரெண்டு ஃபில்டர் தடையா இருக்கு. ரெண்டாவது ஃபில்டருக்குள்ள இருக்கிற பேப்பரை எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க."

அப்பா ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம், "அப்படி ஓட்டலாமா? சரி, நீ படிச்சவன் சொல்ற"ன்னார்.

ஓட்டினார். 40 நிமிஷம் ஓடுச்சு! நான் கேபின்ல எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன். 20 நிமிஷம் 40 ஆனா பிரச்சினை தீரலை, தள்ளித்தான் போயிருக்குன்னு எந்த ஜூனியரும் சொல்லியிருப்பான். எனக்குத் தோணலை.

ஒரு மாசம் அப்படியே ஓடுச்சு. அப்புறம் புது வியாதி. காலையில குளிர்ந்த எஞ்சின் எடுக்குது. சூடாகி நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட் ஆகலை. பம்பைக் கழட்டி மதுரைக்குக் கொண்டு போனோம். தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்ததால நானும் கூடப் போனேன். பம்பு சர்வீஸ் பண்றவர் உள்ள இருக்கிற ரோட்டரை வெளிச்சத்துல காட்டினார். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய இடத்துல கோடு கோடா கீறல்.

"தம்பி, இந்த ரோட்டரி பம்புக்குத் தனியா எஞ்சின் ஆயில் கிடையாது. இதுக்கு டீசல்தான் ஆயில். அந்த டீசல்ல மண்ணும் துருவும் வந்தா உப்புத்தாள் வச்சுத் தேய்க்கிற மாதிரி. ஃபில்டர் போட்டுத்தான ஓட்டுனீங்க?"

சூட்டுல ஏன் எடுக்கலைன்னும் அவர்தான் விளக்கினார். சூடானா டீசல் இளகி மெலிசாகும். தேய்ஞ்ச இடுக்கு வழியா கசிஞ்சிரும். ஸ்டார்ட்டர் சுத்துற வேகத்துல நாசிலைத் திறக்கிற அழுத்தம் கிடைக்காது.

ஃபில்டர் கேள்விக்கு அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. "நாந்தாங்க கழட்டினேன்"னு மட்டும் சொன்னார். பில் 14,000 ரூபாய்.

பஸ்ல திரும்பி வரும்போது நான்தான் பேச்சை எடுத்தேன். "நான் சொல்லித்தானப்பா கழட்டுனீங்க." அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டு, "விடுப்பா, வண்டி நம்மளது"ன்னார்.

நோட்டுல எழுதினது

பம்பு புதுசு மாதிரி ஆச்சு. ரெண்டு ஃபில்டரும் புதுசு. மாட்டி ஓட்டினோம். திரும்ப 25 நிமிஷம்.

அன்னைக்கு ராத்திரிதான் நான் முதல் நாளே செஞ்சிருக்க வேண்டியதைச் செஞ்சேன். ஒரு நோட்டு எடுத்தேன். ஒரு வாரம் வொர்க் ஃப்ரம் ஹோம் போட்டு, ஒவ்வொரு தடவையும் எழுதினேன். எத்தனை மணிக்கு எடுத்தோம், எப்ப நின்னுச்சு, டேங்க்ல எவ்வளவு டீசல், லோடுல இருந்துச்சா இல்லையா.

நாலு நாள்ல ஒரு விசித்திரம் தெரிஞ்சுச்சு. டேங்க் நிறைய இருந்தா 9 நிமிஷத்துல நிக்குது. பாதி இருந்தா 25 நிமிஷம். கால் டேங்க்னா 40க்கு மேல.

இது தலைகீழ்! ஃபில்டர் அடைப்போ, டேங்க் உள்ள இருக்கிற வலை அடைப்போ இருந்தா, டீசல் நிறைய இருக்கும்போதுதான் உயரம் அதிகம், நல்லா ஓடணும். குறைய குறையத்தான் மோசமாகணும். அதோட ஃபில்டர் அடைச்சிருந்தா சும்மா ஐடிலிங்ல ஓடும், 9 கலப்பையை இறக்கி லோடு ஏத்தினாத்தான் திணறும். இது நேரக்கணக்கு பார்த்து நிக்குது. அப்பாகிட்ட காட்டினேன். "ஆமா, ஃபுல் பண்ணினா இன்னும் மோசம்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு ஊத்துன டீசல் அழுக்குன்னு நினைச்சேன்"ன்னார். ரெண்டு மாசமா அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நாங்க யாருமே கேக்கலை.

மறுநாள் வண்டி மூச்சு வாங்க ஆரம்பிக்கும்போது, நான் ஓடிப்போய் டேங்க் மூடியைத் திறந்தேன். "புஸ்ஸ்"னு ஒரு சத்தம். காத்து வெளிய வரலை, உள்ள போச்சு. ரெண்டு செகண்ட்ல எஞ்சின் திரும்ப உறுமுச்சு.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் சைக்கிள் டியூபை வட்டமா வெட்டி ஒட்டியிருந்துச்சு.

வாட்டர் கேன் கணக்கு

உங்க ரூம்ல 20 லிட்டர் வாட்டர் கேனைக் கவுத்து வச்சிருப்பீங்க. தண்ணி பிடிக்கும்போது "குளுக்"னு ஒரு குமிழி மேல போகும். தண்ணி வெளிய வரணும்னா அந்த இடத்துக்குக் காத்து உள்ள போகணும். அதுக்குத்தான் டிராக்டர் டேங்க் மூடியில ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். அதை டியூப் மூடியிருச்சு.

கணக்கு போட்டுப் பாருங்க. பாதி டேங்க்ல 20 லிட்டர் காத்து இருக்கு. அதுல இருந்து 0.8 லிட்டர் டீசல் எஞ்சினுக்குப் போனா, காத்து 4 சதவீதம் விரியுது, அழுத்தம் 4 சதவீதம் குறையுது. முன்னாடி சொன்ன மொத்த பட்ஜெட்டும் அதே 4தான். மணிக்கு 4 லிட்டர் குடிக்கிற வண்டி 0.8 லிட்டரை 12 நிமிஷத்துல குடிச்சிரும். பம்பு தானும் கொஞ்சம் இழுக்கும், டியூப் ஓரத்துல கொஞ்சம் கசியும், அதனால எங்களுக்கு 25. டேங்க் நிறைய இருந்தா காத்துக்கு இடமே கம்மி, அதனால இன்னும் சீக்கிரம் நிக்குது. அரை மணி நேரம் போட்டு வச்சா கசிவு வழியா காத்து உள்ள வந்துரும், திரும்ப எடுக்கும். ஃபில்டர் மாத்தினப்ப எல்லாம் சரியானதுக்குக் காரணமும் அதுதான். ஒவ்வொரு தடவையும் டீசல் ஊத்த மூடியைத் திறந்தோம்ல.

"ஏம்பா டியூப் போட்டீங்க?"

"ஆவணியில மழைத்தண்ணி உள்ள இறங்கிருச்சுப்பா. ரப்பர் போயிருந்துச்சு. தண்ணி போனா பம்பு போயிரும்ல?"

அவர் பம்பைக் காப்பாத்தத்தான் டியூப் போட்டிருக்கார். அந்த பம்பை நான் போன்ல காலி பண்ணியிருக்கேன்.

உங்ககிட்ட இப்படி ஒரு வண்டி இருந்தா

ஊர்ல வீட்டுல இந்த மாதிரி பழைய வண்டி இருக்கிறவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். ஃபில்டர் வாங்கறதுக்கு முன்னாடி, ஃபில்டருக்குள்ள போற பைப்பைக் கழட்டி ஒரு பாட்டில்ல டீசல் பிடிங்க. மூடியை மூடி ஒரு தடவை, திறந்து ஒரு தடவை. மூடினா மெலியுது, திறந்தா கொட்டுதுன்னா மூடிதான் குத்தவாளி. ரெண்டுலயும் நூல் மாதிரி வந்தா டேங்க் வாய்ல இருக்கிற வலையோ டேப்போ அடைச்சிருக்கு. ரெண்டுலயும் நல்லா வந்தா அப்புறம்தான் ஃபில்டர். ஏர் எடுக்கும்போது டேங்க்ல இருந்து கீழ நோக்கிப் போங்க. முதல் ஃபில்டர், ரெண்டாவது ஃபில்டர், பம்பு, கடைசியா நாசில் பைப் நட்டு. குமிழி நிக்கிற வரைக்கும் அவசரப்படாதீங்க. ஃபில்டர் கிண்ணத்து அடியில தண்ணி நிக்கும், டீசலை விடக் கனம் அது. அப்பப்ப வடிச்சு விடுங்க. சாயங்காலமே டேங்க்கை நிரப்பி வச்சா ராத்திரி ஈரம் உள்ள படியறது குறையும். ஃபில்டர் பேப்பரை மட்டும் எடுத்துட்டு ஓட்டாதீங்க. யார் சொன்னாலும்.

ஆபீஸ்ல ஒரு பக் வந்தா நாங்க முதல்ல கேக்கிறது, "கடைசியா யார் என்ன மாத்தினாங்க?" அந்த ஒரு கேள்வியை அப்பாகிட்ட ஆவணியிலேயே கேட்டிருந்தா, சைக்கிள் டியூப் பத்தி அன்னைக்கே சொல்லியிருப்பார். நான் கேள்வி கேக்கலை, பதில் சொன்னேன்.

இப்ப புது மூடி கிடைச்சிருச்சு. ஆனா அப்பா பழைய மூடியை விடலை. அதே சைக்கிள் டியூப்ல நடுவுல ஊசியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, ஸ்பேரா வச்சிருக்கார். போன வாரம் போன் பண்ணினேன். "வண்டி எப்படிப்பா ஓடுது?"

"ஓடுது. நீ ஒண்ணும் சொல்லாம இருக்கிற வரைக்கும் ஓடும்."

சரி மக்களே, உங்க வீட்டுல நீங்க இப்படிச் சரி பண்றேன்னு கெடுத்த பொருள் எது? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறோம்.