சம்மனைத் திருப்பி அனுப்பாதீர்கள்
(ஜமாஅத் மகாசபைக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

மணவிலக்குக் கோரி வாழ்க்கைத் துணை நீதிமன்றம் சென்றுவிட்டால் மறுதரப்பினர் என்ன செய்வது என்பது குறித்துப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். நான் கண்ட ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

வளைகுடாவில் பணிபுரிந்த ஓர் இளைஞர். ஈராண்டுகளாகக் கணவர் செலவுக்குத் தரவில்லை என்று, 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின்கீழ் மனைவி குடும்ப நீதிமன்றத்தில் மனுச் செய்தார். சம்மன் கொண்டுவந்த அமீனாவிடம், "கோர்ட்டுக் காகிதத்தை வாங்கினால் மானம் போய்விடும்" என்று கூறி இளைஞரின் தாயார் கதவைச் சாத்திவிட்டார். அமீனா அதைக் கதவில் ஒட்டிச் சென்றார். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாயிற்று. விடுப்பில் வந்த இளைஞர் பணம் அனுப்பிய வங்கிச் சீட்டுகளைக் கட்டாக என் மேசைமீது வைத்தார். பெரும்பாலானவை தாயாரின் கணக்குக்குச் சென்றவை! மருமகள் கைக்கு எவ்வளவு வந்தது என்பதே விசாரிக்கப்பட வேண்டியது. அந்த விசாரணைதான் நடக்கவில்லை. அதற்குள் அப்பெண்ணுக்கு மறுமணமும் ஆகிவிட்டது.

வாங்க மறுப்பதால் சம்மன் சேராததாகிவிடாது. பொதுவாக 30 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணமிருந்தால் 90 நாட்கள் வரை அவகாசம் கிடைக்கும். ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோரவும் 30 நாட்களே கெடு. சம்மன் முறையாகச் சேராதவருக்கு மட்டும் அது தெரிய வந்த நாளிலிருந்து கணக்கு.

எதிருரையில் ஆத்திரத்தைக் கொட்டுவோரும் உண்டு. "நான் முன்பே தலாக் சொல்லிவிட்டேன்" என்று எழுதிவிட்டால் விவகாரம் முடிந்தது என எண்ணுகிறார்கள். அவ்வாறு எழுதுவதே தலாக் ஆகாது என்று 2002இல் ஷமீம் ஆரா வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. தக்க காரணமும், இரு தரப்பு நடுவர்களின் சமரச முயற்சியும் முன்னதாக இருந்திருக்க வேண்டும். சூரத்துந் நிஸாவின் 35ஆவது வசனம் நமக்குக் காட்டித் தந்த வழியும் அந்த நடுவர் முறைதானே!

ஜமாஅத் பேசிக்கொண்டிருக்கிறது என்பதற்காக வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். நம் பேச்சுவார்த்தை நீதிமன்றத் தேதியை நிறுத்தாது. தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் செல்லாது என 2023இல் சென்னை உயர்நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது. குடும்ப நீதிமன்றமும் முதலில் சமரசத்துக்கே முயலும். அங்கே நம் பெரியவர்கள் துணைக்குச் செல்லலாம்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

காகிதம் வந்ததும் உறையையும் பத்திரப்படுத்துங்கள். அதிலுள்ள தபால் முத்திரை தேதிக்குச் சான்று. நிக்காஹ் பதிவு நகல், மஹர் விவரம், பணம் அனுப்பிய சீட்டுகள் ஆகியவற்றோடு அந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள். பதிவு நகல் வேண்டுவோர் நம் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.