ஆராய்ச்சியும் உதவித்தொகையும்



பொறியியலிலும் பயன்முறைக் கணிதத்திலும் ஆராய்ச்சி செய்ய விரும்புவோர்க்குக் கிடைக்கும் உதவித்தொகைகளைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆசிரியப் பணியில் நான் செய்த பிழைகளுள் இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருப்பது இதைப் பற்றியதே.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது அது. நான் அப்போது விசைத்தறிகள் நிறைந்த ஓர் ஊரில் கணித ஆசிரியனாக இருந்தேன். என்னிடம் பயின்று, பின்னர்ப் பொறியியல் பட்டம் பெற்ற ஒரு மாணவன் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தான். தறித் தொழிலாளியின் மகன். ஒரு தொழிற்சாலை அவனுக்கு வேலை கொடுத்திருந்தது. அதே வாரத்தில் ஓர் உயர் கல்வி நிறுவனம் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு இடம் கொடுத்திருந்தது. “எதை ஏற்கட்டும், ஐயா?” என்று கேட்டான். நான் சிறிதும் தயங்கவில்லை. “ஆராய்ச்சி வசதியுள்ளவர்க்கு உரியது, தம்பி. முதலில் குடும்பத்தைப் பார்” என்றேன். அவனும் அப்படியே செய்தான்.

பத்து ஆண்டுகள் கழித்து ஒரு திருமண வீட்டில் அவனைக் கண்டேன். நல்ல நிலையில் இருந்தான். பேச்சினிடையே, “ஐயா, அந்த நிறுவனம் அனுப்பிய கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் மாதந்தோறும் உதவித்தொகை தருவதாக எழுதியிருந்தது. வேலைக்குக் கிடைத்த சம்பளத்தைவிட அது சற்றுத்தான் குறைவு. அப்போது அதை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, தங்களிடம் காட்டவும் இல்லை” என்றான். அவன் என்னைக் குறை கூறவில்லை. ஆயினும் கடிதத்தைக் காட்டு என்று நான் கேட்டிருக்க வேண்டும் அன்றோ? தறி ஓடும்போது வீட்டுச் சுவர் ஏன் அதிர்கிறது, ஏன் சில இடங்களில் மட்டும் விரிசல் விடுகிறது என்பதைக் கணிதத்தால் ஆராய வேண்டும் என்பது அவனுடைய இளமைக்கால ஆவல். அந்தக் கேள்வியை அவன் கைவிடும்படி செய்தது பணமின்மை அன்று, என் அறியாமையே.

ஆராய்ச்சி செல்வர்க்கே உரியது என்னும் எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று இருக்கிறது. 1912 ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார் ஸ்ரீநிவாச ராமானுஜன். கல்லூரித் தேர்வில் தேறாதவர். அவருடைய திறமையை உணர்ந்து துணை நின்றவர்களுள் இருவரை நீங்கள் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும். ஒருவர் துறைமுகக் கழகத் தலைவரான பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். மற்றவர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவரான கில்பர்ட் வாக்கர். பருவமழையின் போக்கைக் கணக்கிட்டு அறிய முயன்ற வாக்கர், பயன்முறைக் கணிதத்தில் வல்லவர்.

1913 ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னைக்கு வந்த வாக்கர், ராமானுஜனின் கணக்கேடுகளைக் கண்டார். சில ஆண்டுகளுக்கேனும் பிழைப்பைப் பற்றிய கவலையின்றி அவர் முழுநேரமும் கணிதத்தில் ஈடுபட வகை செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே உரியது என்பது அக்கால விதி. அவ்விதியைத் தளர்த்தி, மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை அளித்தது சென்னைப் பல்கலைக்கழகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ராமானுஜன் 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன் மூன்று அறிக்கைகளைத் தந்தார். அவற்றில் அவர் விளக்கிய ஒரு தொகையீட்டு முறை இன்று ‘ராமானுஜனின் தலைமைத் தேற்றம்’ என வழங்குகிறது. இயற்பியலாரும் அதைக் கையாளுகின்றனர்.

மாணவர்களே, உதவித்தொகையின் இலக்கணம் முழுவதும் இந்நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. அது பிச்சை அன்று, பரிசும் அன்று. ஒரு கேள்வியைப் பின்தொடர்வதற்குச் சமுதாயம் ஒருவர்க்கு வாங்கித் தரும் காலம் அது. ஆகவே அதைக் கேட்பதில் வெட்கம் வேண்டா. பெற்றபின் கணக்குக் காட்டுவதில் தயக்கமும் வேண்டா.

இன்றைய ஏற்பாடுகளுக்கு வருவோம். ஆராய்ச்சி மாணவர்க்குப் பணம் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, தேர்வின் வழியே வரும் அரசு உதவித்தொகை. கேட் தேர்வில் தகுதி பெற்று, அதன்வழி அங்கீகாரமுள்ள நிறுவனத்தில் பொறியியல் முதுகலைப் படிப்பில் சேர்வோர்க்கு மாதம் 12,400 ரூபாய் என்று தொகை வகுக்கப்பட்டது. அறிவியலில் நெட் தேர்வின் வழி இளநிலை ஆராய்ச்சியாளர் ஆவோர்க்கு 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதுநிலையில் 42,000 ரூபாயும் வகுக்கப்பட்டன. 2018 இல் தொடங்கிய பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 70,000 ரூபாய் என வகுத்தது. இத்தொகைகள் காலந்தோறும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்குமுன் அவ்வாண்டின் அறிவிப்பைப் பாருங்கள்.

இரண்டாவது வழி, நிறுவனமே தரும் உதவித்தொகை. இதற்கு ஈடாக வாரத்தில் சில மணி நேரம் ஆய்வுக்கூடத்தில் துணை நிற்பது, இளைய மாணவரின் விடைத்தாள் திருத்துவது முதலிய பணிகளைச் செய்ய வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் பொறியியல் ஆராய்ச்சி மாணவர் இவ்வாறே வாழ்கின்றனர். படிப்புக் கட்டணமும் பெரும்பாலும் தள்ளப்படுகிறது. ஜெர்மனியில் பொறியியல் ஆய்வாளர் பலர் மாணவராக அன்றி, ஒப்பந்தமும் சம்பளமும் உடைய ஊழியராகவே அமர்த்தப்படுகின்றனர்.

மூன்றாவது, ஆய்வுத் திட்டத்தின் பணம். ஒரு பாலத்தின் உறுதியையோ வெள்ளத்தின் ஓட்டத்தையோ ஆராய்வதற்கென ஒரு பேராசிரியர்க்கு நிதி வரும். அதிலிருந்து அவர் ஆய்வாளரை அமர்த்துவார். இதில் ஒரு நுட்பம் உண்டு. திட்டம் முடிந்தால் பணமும் முடிந்துவிடும். உங்கள் பட்டமோ முடியாதிருக்கும்.

முனைவர் பட்டம் பெற்றபின்னும் வழி அடைந்துவிடுவதில்லை. வேறொரு வழிகாட்டியிடம் இரண்டொரு ஆண்டுகள் ஆய்வு செய்வதற்கென்றே பணியிடங்கள் உண்டு. நம் நாட்டில் தேசிய முனைவர்பட்டப் பின்னாய்வு உதவித்தொகை இரண்டு ஆண்டுகளுக்குத் தரப்படுவது. இக்காலம் ஒருவர் தம் ஆசிரியரின் நிழலைவிட்டு வெளிவந்து, தமக்கென ஒரு கேள்வியைத் தேடிக்கொள்ளும் காலம்.

பேராசிரியர்க்குக் கடிதம் எழுதும்போதும் ராமானுஜனே நமக்கு வழிகாட்டி. 1913 சனவரியில் அவர் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதியபோது, தம் வறுமையைச் சொன்னதோடு நின்றுவிடவில்லை. நூறுக்கு மேற்பட்ட தேற்றங்களை உடன் அனுப்பினார். அதற்குமுன் வேறு அறிஞர்க்கு எழுதியவை பயன் தரவில்லை. எனினும் அவர் மனம் தளரவில்லை. நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட, ஒருவருடைய ஆய்வுக் கட்டுரையைப் பொறுமையாகப் படித்து, அதில் எழுந்த ஐயத்தையும் நீங்கள் செய்து பார்த்த கணக்கையும் எழுதி அனுப்புவது மேல்.

இடம் கிடைத்தவுடன் மகிழ்ச்சியில் மயங்கிவிடாதீர்கள். பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது, எத்தனை ஆண்டுகளுக்கு, கட்டணம் போக எவ்வளவு மிஞ்சும், நீங்கள் செய்ய வேண்டிய பிற பணி யாது எனப் பணிவோடு கேளுங்கள். அந்த வழிகாட்டியிடம் முன்பு பயின்றவர் எத்தனை ஆண்டில் முடித்தனர் என்பதை அம்மாணவரிடமே விசாரியுங்கள். உதவித்தொகை சில வேளை மாதக்கணக்கில் தாமதமாக வருவதும் உண்டு. ஆதலின் கையில் சிறிது சேமிப்பு இருக்கட்டும். ஆராய்ச்சியில் ஈடுபட்டோர் அனைவரும் வெற்றி பெறுவர் என்றும் சொல்லமாட்டேன். வேலையை ஏற்பதே சிலருக்குத் தக்கதாக இருக்கும். ஆனால் அம்முடிவு உண்மையை அறிந்தபின் எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

இப்பேச்சைக் கேட்கும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை ஒரு கடிதத்தோடு வந்து நின்றால், அறிவுரை கூறுமுன் அதை வாங்கி இறுதிவரை படியுங்கள். நான் அன்று படிக்கவில்லை. விசைத்தறி ஓசை கேட்கும் தெருவில் நடக்கும்போதெல்லாம் அதிரும் அச்சுவர்கள் எனக்கு அதை நினைவூட்டுகின்றன. அந்தக் கேள்விக்கு விடை காண உங்களுள் ஒருவர் புறப்படுவாராயின், இம்முறை தடுக்கமாட்டேன். வழியனுப்ப நிலையத்துக்கே வருவேன்.